வெயிலுமுத்துவின் பன்னிரண்டு அடி

கோவில்பட்டிக்குக் கிழக்கே தண்டவாளத்தைத் தாண்டினால் வருகிற கிட்டங்கித் தெருவில், வீட்டுக்கு ஒருவராவது தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்கியோ பெட்டி ஒட்டியோ மருந்து முக்கியோ பிழைக்கிற அந்தத் தெருவில், வெயிலுமுத்துவுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலைதான். ஞானதுரை முதலாளியின் ஆபீசில் அன்றன்று முடிந்த சரக்கிலிருந்து கைபோன போக்கில் பத்துக் குச்சி எடுத்து, வெளியே பொட்டலில் தனியே நின்று உரசிப் பார்த்து, பத்தும் பற்றினால் தலையை ஆட்ட வேண்டும், ஒன்று பற்றாவிட்டாலும் உதட்டைப் பிதுக்க வேண்டும். அவர் தலையாட்டிய சரக்கு டெல்லி வரைக்கும் போகும். உதட்டைப் பிதுக்கிய சரக்கு குப்பைக் குழிக்குப் போகும். முதலாளியே ஆனாலும் அதில் மறுபேச்சு கிடையாது.

உரசிய நெருப்பைச் சும்மா அணைப்பது பாவம் என்று பத்துக் குச்சிக்கு இரண்டு பீடியாவது பற்றவைக்கப் பழகி, அது நாளுக்கு இரண்டு கட்டாக வளர்ந்ததில், ஐம்பத்து மூன்றாவது வயதில் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள், ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள், தலைமுடியும் நாக்கு ருசியும் போய்த் திரும்பி வந்தன, குரல் மட்டும் போனது போனதுதான், ஈர விறகைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கரகரப்பு மிஞ்சியது. "சுத்தமா ஒண்ணும் இல்ல, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத் தெருவே ஸ்டேஷனுக்கு வந்து, ஆளுக்கொரு சத்துமாவு டப்பாவைக் கையில் திணித்து, "அண்ணாச்சி எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டு வந்துட்டாக" என்று சிரித்து, அந்த வாரத்தோடு அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியைப் பார்க்கப் போவதற்கு ஒரு முறை உண்டு, பிழைத்தவனைப் பார்க்கப் போவதற்கு எந்த ஊரிலும் முறை கிடையாது.

அதற்கு அப்புறம்தான் வெயிலுமுத்துவுக்குப் பயம் வந்தது. நோய் இருந்தபோது அதைக் கவனிக்கவே பொழுது சரியாக இருந்தது. அது போனபிறகு, விடியற்காலையில் விழிப்பு வந்ததும் விரல் தானாகத் தொண்டைக்குப் போகும், எச்சிலை ஒருதரம் விழுங்கிப் பார்ப்பார், சந்தேகம் தீராமல் இன்னொருதரம் விழுங்குவார், இப்படி விழுங்கி விழுங்கியே தொண்டை வலித்து, வலிக்கிறதே என்று மேலும் பயப்படுவார். செக்கப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே தூக்கம் போய்விடும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளை, "மனசுக்கு எப்படி இருக்கு, தூக்கம் வருதா?" என்று கேட்டு ஒரு தாளை நீட்டுவாள். நல்லா இருக்கேன் என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துக் கொடுத்துவிட்டு வருவார். பிழைத்தவன் என்று பேர் வாங்கிய பிறகு பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் பயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தும், அந்த நோயைக் கொண்டுவந்த அதே சாமான்தான். ஒரு கட்டு பீடி வாங்கி, மச்சில் பழைய காலண்டர்களுக்கு நடுவே ஒளித்து வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் சம்சாரம் செல்லக்கனி ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்து, பின்கட்டில் நின்று பீடியை உதட்டில் வைத்துக் குச்சியை உரசினார். பற்றவில்லை. இன்னொன்றை உரசினார், அதுவும் பற்றவில்லை. பெட்டி காலியாகிற வரைக்கும் உரசினார். வேறொருவராக இருந்தால் சாமி குத்தம் என்று நினைத்திருப்பார். வெயிலுமுத்து தொழில்காரர் அல்லவா, அவருக்குக் கோபம்தான் வந்தது. "எவன்டா இந்தச் சரக்குக்குத் தலையாட்டினவன்?" என்று அந்தப் பீடியையே உதட்டில் வைத்துக்கொண்டு கத்தினார்.

அந்த வாரம் அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் அடுப்பு அணைந்ததற்குச் செல்லக்கனி ரேஷன் மண்ணெண்ணெயைத் திட்டினாள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். பத்துக் குச்சி உரசினார், பத்தும் பற்றவில்லை. உதட்டைப் பிதுக்கினார். அன்றைய சரக்கு குழிக்குப் போயிற்று. மறுநாள் சரக்கும் போயிற்று, அதற்கு மறுநாள் சரக்கும் போயிற்று, மருந்து கலக்குகிறவர்கள் ஆளுக்கு ஆள் பழியைத் தள்ளிக்கொண்டார்கள், மருந்து வந்த கடைக்குப் போன்மேல் போன் போட்டுத் திட்டினார்கள், ஒருத்தருக்கும் வெயிலுமுத்துவைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, ஏனென்றால் இருபத்தாறு வருஷத்தில் அவர் உதடு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஐந்தாம் நாள் ஞானதுரை முதலாளி குழியோரத்தில் நின்று, கொட்டிய சரக்கைப் பார்த்து வயிறெரிந்து, அதில் ஒரு குச்சியை எடுத்துச் சும்மா உரசினார். குப்பென்று பற்றியது. இன்னொன்று உரசினார். அதுவும் பற்றியது. எரிகிற மூன்றாவது குச்சியைக் கையில் பிடித்தபடி, "வெயிலு, இங்க வாரும்வே" என்று கூப்பிட்டார். வெயிலுமுத்து வந்தார். பாதித் தூரம் வந்ததுமே குச்சி அணைந்தது.

முதலாளி படிக்காதவர்தான், ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். இஞ்சு டேப்பை எடுத்துவரச் சொல்லி, அதன் நுனியை வெயிலுமுத்துவின் தொண்டைக்குழியில் வைத்து, குச்சி உரசிக்கொண்டே ஓராளை நடக்கவிட்டு, பன்னிரண்டு அடி என்று கண்டுபிடித்தார். பன்னிரண்டு அடிக்கு உள்ளே எந்த நெருப்பும் நிற்காது. பன்னிரண்டைத் தாண்டி ஒரு விரற்கடை போனால் வழக்கம்போல எரியும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து கரண்டு வைத்த உடம்பு, நெருப்பை வேண்டிய மட்டும் குடித்துவிட்டது, இனி அண்டவிடாது என்று டீக்கடை வேலாண்டி சொன்னார், அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

ஊருக்கு ஒரு அதிசயம் வந்தால் முதல் வாரம் கூட்டம் கூடும், இரண்டாம் வாரம் அதை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பார்கள், மூன்றாம் வாரம் அதனால் என்ன லாபம் என்று பார்ப்பார்கள். கிட்டங்கித் தெருவும் அப்படித்தான் செய்தது. வேலாண்டி தன் கடையிலிருந்து பதின்மூன்றாவது அடியில் ஒரு ஸ்டூல் போட்டு, "அண்ணாச்சி, ஒங்க டீ அங்கயே வரும், நீங்க மட்டும் வந்துராதீக" என்று கும்பிட்டார். செல்லக்கனி ஒரு கரண்டு அடுப்பு வாங்கினாள். கோயிலில் பூசாரி கொடிமரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கோடு கிழித்து, அண்ணாச்சி தரிசனம் இங்கிருந்து என்று எழுதிவைத்தார். ஞானதுரை முதலாளி ஒருபடி மேலே போய், உரசிப் பார்க்கிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, வெயிலுமுத்துவுக்கு அதே சம்பளத்தில், தீப்பிடிக்காமல் இருக்கக் காவலாக, சரக்கு அடுக்குகிற கிட்டங்கி நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்தக் கோடையில் மூன்று தெரு தள்ளி ஒரு வைக்கோல் படப்பு பிடித்துக்கொண்டபோது, அவரை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள், தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவர் படப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து முடித்திருந்தார். தீபாவளி அன்றைக்கு அவர் போகிற இடமெல்லாம் வெடி நமுத்துப்போக, தெருநாய்கள் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர்வலம் போயின.

இதையெல்லாம்விடப் பெரிய காரியம் பெண்கள் செய்ததுதான். வெயிலுமுத்து சாயந்தரம் உட்காருகிற இடம், மூடிக்கிடந்த பஞ்சாலையின் பழைய எடைமேடை. அதைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குச் சுண்ணாம்புப்பொடியால் ஒரு வட்டம் போட்டார்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும், "போங்க, அண்ணாச்சி கூட எட்டு மணி வரைக்கும் உக்காந்துட்டு வாங்க, அப்பம்தான் சோறு" என்று விரட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வாயில் பீடியும் கையில் குச்சியுமாக உட்கார்ந்து, வட்டத்துக்குள் ஒன்றும் பற்றாமல், வட்டத்தைத் தாண்ட வெட்கப்பட்டு, வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். வாயை அடைத்துக்கொண்டிருந்தது போனதும் எத்தனை பேச்சு வந்தது என்கிறீர்கள்! தம்பியோடு பேசாமல் இருப்பது, மகன் மதிக்காதது, முதுகுவலி, சொல்லாமல் விட்ட பழைய காதல் எல்லாம் வந்தது. ஆறு மாதத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பீடி மறந்தே போயிற்று. லோடுமேன் பரமன் மட்டும் கை சும்மா இருக்கமாட்டாமல் வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, எப்படியும் பற்றப்போவதில்லை என்ற தைரியத்தில் குச்சியை உரசிக்கொண்டே கதை கேட்பான்.

எல்லாரும் பேசினார்கள், வெயிலுமுத்து பேசவில்லை. பீடியை ஜெயித்த மகான் என்று அவரை நடுவில் வைத்து அவர்கள் கொண்டாடக் கொண்டாட, அவருக்கு உள்ளே கூசியது. அந்த இருபத்திரண்டு பேரை விடவும் பீடிக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். தினமும் காலையில் செல்லக்கனி குளிக்கப் போனதும் மச்சுக்கு ஏறி, ஒரு பீடியை உதட்டில் வைத்து, ஐந்தாறு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அந்த மகான் வேலைக்கே புறப்படுவார்.

ஒருநாள் அந்த வட்டத்துக்குள் பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு லூர்தம்மாள் வந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷம் புகையிலை போட்டு, இடதுபக்கத் தாடையில் பாதியை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தவள். வாய் ஒருபக்கம் கோணினாலும் பேச்சு நேராக வரும்.

"தம்பி, அடுத்த செக்கப்பு என்னைக்கு?" என்று கேட்டாள்.

"இருபத்திரெண்டாம் தேதிக்கா."

"எத்தன நாளாத் தூக்கம் இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"எங்கிட்டயேவா? அஞ்சு வருசமா டெய்லி கண்ணாடி முன்னால நின்னு வாய்க்குள்ள டார்ச்சு அடிச்சுப் பாத்துக்கிட்டிருக்கவ நானு. மூணு டார்ச்சு மாத்தியாச்சு."

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் கடைசியில் எப்படியோ அழுகையும் வந்து ஒட்டிக்கொண்டது. விடியற்காலையில் தொண்டையைத் தடவிப் பார்ப்பதை, எச்சில் விழுங்கி விழுங்கிப் பார்ப்பதை, நர்ஸ் பிள்ளையின் தாளில் பொய்யாக டிக் அடிப்பதை எல்லாம் அந்தக் கரகரத்த குரலில் அவளிடம் சொன்னார். சொல்லி முடித்து வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தபோது, வட்டத்தின் ஓரத்தில் குப்பென்று ஒரு சத்தமும் "ஐயோ!" என்று ஒரு கூப்பாடும் கேட்டது. பரமன் உரசிய குச்சி பற்றி, அவன் மீசையின் வலதுபக்கம் கருகிப்போயிருந்தது.

ஞானதுரை முதலாளி டேப்போடு ஓடிவந்தார். அளந்தார். பதினொன்றரை அடி.

இந்தச் சமயத்தில்தான் வெயிலுமுத்துவின் ஒரே மகள் பொன்ரதிக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை அமைந்து, ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி முகூர்த்தம் என்று முடிவாயிற்று. கிட்டங்கித் தெருக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் குத்துவிளக்கின் முதல் திரியைப் பெண்ணைப் பெற்றவன்தான் ஏற்ற வேண்டும், அதுவும் தன் ஆபீசில் செய்த குச்சியால், ஒரே உரசலில் ஏற்ற வேண்டும். இரண்டாவது குச்சி எடுத்தால் ஊர் சிரிக்கும். அந்த விளக்கு எரிந்த பிறகுதான் தாலியை எடுத்துக் கொடுப்பார்கள். பதினொன்றரை அடிக்குள் தீ நிற்காத தகப்பனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"தாய்மாமன் ஏத்தட்டும், அப்பா மண்டபத்துக்கு வெளிய நின்னு பாத்துக்கிடட்டும், ஒரு நாளைக்குத்தான" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அதுக்கென்ன, வாசல்ல நின்னு பாத்துக்கிடுதேன், பந்திக்கு ஆள் அனுப்பவும் ஒருத்தர் வேணும்லா" என்று வெயிலுமுத்துவும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து தடவை அந்த மிஷினுக்குக் கீழே கட்டுண்டு படுத்துக்கிடந்தபோது, முப்பத்தைந்து தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது இந்த ஒரு காட்சியைத்தான், மகள் பக்கத்தில் நின்று விளக்கேற்றுவதை. பொன்ரதி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். "அப்பா, நீங்க உரசாத விளக்கு எனக்கு வேண்டாம். முகூர்த்தத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு. பயத்தச் சொன்னதுல அரை அடி கொறைஞ்சதுன்னா மிச்சமும் கொறையும். பேசுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எடைமேடையில் நடந்தது ஊர் பார்த்திராத கூத்து. சாயந்தரமானால் வெயிலுமுத்துவை நடுவில் உட்காரவைத்து இருபத்திரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து, "ம், சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள். பரமன் மீசையை ஈரத்துணியால் மூடிக்கொண்டு ஓரத்தில் குச்சி உரசுவான். முதலாளி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு பயத்தை உள்ளபடி சொன்னால் வட்டம் குறையும். ஒப்புக்குச் சொன்னால் குறையாது. ஒருநாள் சொல்ல ஒன்றும் இல்லாமல், தனக்குப் பல்லியென்றால் பயம் என்று வெயிலுமுத்து சொல்லிப் பார்த்தார், டேப் ஒரு நூல்கூட அசையவில்லை, "பல்லிக் கதையெல்லாம் இங்க செல்லாது" என்று முதலாளி அதட்டினார். சத்துமாவு டப்பா கொண்டுவந்தவர்கள் மேல் தனக்கு இருந்த கோபத்தைச் சொன்னபோது அரை அடி குறைந்தது. டப்பா கொடுத்தவர்கள் ஒன்பது பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். பீடி குடித்தாய் அனுபவிக்கிறாய் என்று சொந்த அண்ணனே சொன்னதைச் சொன்னபோது முக்கால் அடி குறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தாவீதைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர். வாத்தியார். பீடி, வெற்றிலை, காப்பி எதுவும் தொடாதவர். இருவருக்கும் ஒரே இடத்தில் கட்டி, ஒரே டாக்டர், ஒரே மருந்து. தன் பங்கு இளநீரைப் பாதி ஊற்றித் தருவார். "அவரு போயிட்டாரு. நான் இருக்கேன். நாளுக்கு ரெண்டு கட்டு குடிச்சவன் இருக்கேன். அந்த வீட்டம்மா என்னயப் பாத்து, நீங்களாவது நல்லாருங்கன்னு கும்பிட்டாக. அந்தக் கும்பிட்டை எங்க கொண்டுபோய் வைக்க?" என்று சொல்லும்போது அவர் குரல் முழுக்கப் போய்விட்டது. லூர்தம்மாள் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அவர் மடியில் வைத்து, "எனக்கும் ஒருத்தி இருந்தா, தம்பி" என்றாள். அன்றைக்கு ஒரேயடியாக மூன்று அடி குறைந்தது.

இப்படி இறங்கி இறங்கி, ஆவணி பிறந்தபோது மூன்று அடியில் வந்து நின்றது. அதற்குமேல் அசையவில்லை. வெயிலுமுத்து கையை நீட்டினால் இரண்டு அடிதான் வரும். மிச்சம் ஒரு அடிக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மச்சில் இருக்கிற பீடிக் கட்டைச் சொல்ல வேண்டும். ஆனால் அவரை நம்பிச் சுற்றி உட்காருகிறவர்கள் இருபத்திரண்டு பேர், அவரை நம்பித் தூங்குகிறவள் செல்லக்கனி. அதைச் சொன்னால் விளக்கு எரியும், மற்றதெல்லாம் அணைந்துபோகும் என்று பயந்தார்.

முகூர்த்த நாளும் வந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மணமகள் அறைக்குப் பக்கத்தில், சீர்வரிசைத் தட்டுகள் அடுக்கியிருந்த சின்ன அறையில், புதுவேட்டி கட்டிக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தார் வெயிலுமுத்து. பட்டுச்சேலை சரசரக்கச் செல்லக்கனி வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, இன்னும் மூணு அடியிலதான் நிக்கிதாம்ல? முதலாளி சொல்லுதாக."

"இருக்கிற எல்லாத்தையும் சொல்லியாச்சு செல்லக்கனி."

"எல்லாத்தையுமா?"

அவர் தாம்பாளத்துத் தேங்காயைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், பார்க்க வேறொன்றும் இல்லாமல் அவளைப் பார்த்தார்.

"மச்சில ஒரு கட்டு பீடி வச்சிருக்கேன். ரெண்டு வருசமா இருக்கு. நீ குளிக்கப் போனதும் தெனமும் பத்தவைக்கப் பாக்கேன். பத்த மாட்டேங்கு, அதனாலதான் குடிக்காம இருக்கேன். நான் நெனச்சு விடல. பத்துச்சுன்னா குடிச்சிருப்பேன். பயமா இருக்கு, அதான். நான் மகானும் இல்ல ஒரு மண்ணும் இல்ல."

"தெரியும்" என்றாள் செல்லக்கனி.

"எப்பம் இருந்து?"

"மொத வாரத்துல இருந்து. ஐப்பசி மழைக்கு மச்சு ஒழுகுச்சுல்லா, அன்னைக்குக் காலண்டரோட சேந்து கட்டும் நனைஞ்சு போச்சு. சொளகுல பரத்திக் காய வச்சு, பழையபடி நூலக் கட்டி, இருந்த எடத்துலயே வச்சேன்."

"காய வச்சியா? தூர எறியாமயா?"

"எறிஞ்சா நீங்க கடைக்குப் போவீக. வேற எங்கயாவது ஒளிப்பீக. எங்கண்ணு படாத எடத்துல போய் உரசுவீக. வீட்டுக்குள்ள உரசுனாத்தான எனக்குச் சத்தம் கேக்கும்? அஞ்சு குச்சின்னா பரவாயில்ல. பத்துக்கு மேல கேட்டா இன்னைக்கு இவுகளுக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்சுக்கிடுவேன். அன்னைக்கு ஒங்களுக்குப் பிடிச்ச தேங்காப்பால் சொதி வைப்பேன்."

வெயிலுமுத்து வாயைப் பிளந்தார். இரண்டு வருஷமாக, செக்கப்புக்கு முந்தின நாளெல்லாம் வீட்டில் சொதிதான். தன் நாக்குக்கு நல்ல காலம் என்று நினைத்திருந்தார். "நீயும் தூங்கலயா?" என்று கேட்டார். "நீங்க எச்சி முழுங்குற சத்தம் கேக்கும்போது நான் எப்படித் தூங்க?" என்றாள் அவள். இருவரும் தாம்பாளங்களுக்கு நடுவே உட்கார்ந்து, புதுத்துணி கசங்குமே என்ற கவலைகூட இல்லாமல், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சத்தம் வராமல் அழுதார்கள். கதவைத் தட்டிக்கொண்டு முதலாளி டேப்போடு உள்ளே வந்தார், நிலைமையைப் பார்த்துத் தயங்கினார், இருந்தாலும் வந்த காரியத்தை விடாமல் நுனியைத் தொண்டைக்குழியில் வைத்து அளந்தார். டேப்பில் பார்த்ததை நம்பாமல் கையை விரித்து வைத்தும் பார்த்தார். ஒரு சாண்.

மேடையில் வெயிலுமுத்து ஏறியபோது நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார். எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், பற்றுகிற குச்சியையும் பற்றாத குச்சியையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர்கள். அவர் கையை முழுசாக நீட்டி, முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஒரே இழுப்பாக உரசினார். சர்ரென்று அந்தச் சத்தம் வந்ததுமே, சுடர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மண்டபம் குலவையிட்டது. முதல் திரி பற்றியது. பொன்ரதி அழுதுகொண்டே சிரித்தாள், அவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமலே மாப்பிள்ளையும் கண்ணைத் துடைத்தான். வெயிலுமுத்து மகள் பக்கத்தில், விளக்கின் வெளிச்சம் தன் சட்டையில் விழும்படி, தாலி கட்டி முடிகிற வரைக்கும் நின்றார்.

பந்தியில் பரமன் பரிமாறிக்கொண்டே, "அந்தக் கடைசி அடிகள என்ன சொல்லி எறக்குனீக அண்ணாச்சி?" என்று கேட்டான். வெயிலுமுத்து ஒளிக்காமல் சொன்னார். பரமன் சாம்பார் வாளியைக் கீழே வைத்தான். பிறகு தன் இடுப்பிலிருந்து ஒரு கட்டு பீடியை எடுத்துக் காட்டி, "நான் மட்டும் என்ன, இம்புட்டு நாளா வட்டத்துக்குள்ள குச்சி உரசுனது வெளையாட்டுக்கா?" என்றான். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் அடுத்த பந்திக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு வெயிலுமுத்து மண்டபத்துக்குப் பின்னால், கைகழுவுகிற தொட்டிப் பக்கம் வந்தார். மனசு நிறைந்திருந்தது, நிறைந்த மனசுக்கும் ஒன்று கேட்டது. பரமனிடம் கேட்டு வாங்கி வந்த பீடியை உதட்டில் வைத்தார். குச்சியைக் கையெட்டும் தூரத்தில் உரசினார், அழகாகப் பற்றியது. முகத்தருகே கொண்டுவந்தார். ஒரு சாண் இருக்கும்போது அணைந்தது. இன்னொன்றை உரசினார். சரியாக அதே இடத்தில் அணைந்தது.

"என்ன, பத்தலயா?" என்று சிரித்துக்கொண்டே செல்லக்கனி பின்னால் வந்து நின்றாள். அவர் பீடியை எடுத்துவிட்டுத் தானும் சிரித்தார்.

மிச்சம் இருந்த அந்தச் சாண் என்னவென்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. பயத்தைச் சொல்லியாயிற்று, கோபத்தை, வெட்கத்தை, தாவீதை, திருட்டுத்தனத்தை எல்லாம் சொல்லியாயிற்று. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்றை மட்டும் சாமியிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் கண்பட்டுப் போகும் என்று வாய்வரைக்கும் விட்டதில்லை. அவருக்குப் பிழைத்துக் கிடக்க ஆசையாக இருந்தது. மகளின் பிள்ளையைத் தூக்குகிற வரைக்கும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், பல்லெல்லாம் போய்ச் செல்லக்கனியின் சொதியைக் கரைத்துக் குடிக்கிற வரைக்கும் இருக்க வேண்டும் என்று, வெட்கங்கெட்ட ஆசையாக இருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"செல்லக்கனி, எனக்கு..." என்று தொடங்கினார்.

அவள் சட்டென்று அவர் வாயைக் கையால் பொத்தினாள். சந்தனமும் ஜிலேபிப் பாகும் மணக்கிற கை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளுக்கும் அதே ஆசைதான்.

"சொல்லாதீக" என்றாள். "சொன்னா பத்திக்கிடும்."